மேட்டுப்பாளையம் போய்வந்த சீட்டு

ரெக்சினில் பசை காயும் வாசம் எங்கே அடித்தாலும், கோவையில் என் ஜீப்புக்குச் சீட்டு தைத்த அந்த மனிதர் நினைவில் வந்து நிற்கிறார். ஒல்லியான உடம்பு, மீசையில் எப்போதும் ஒரு நூல்துணுக்கு. பேசும்போதெல்லாம் கையில் அகப்பட்டதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். என் தோளைக்கூட விடவில்லை.

மகளின் பிரசவத்துக்கு, இடுப்புவலிக்கார மனைவியை ஜீப்பில் சென்னை வரை கூட்டிப்போக வேண்டியிருந்தது. பழைய சீட்டு பலகையாக இடித்தது. இவர் நல்ல பஞ்சு வைப்பாரா என்ற சந்தேகத்தோடுதான் வண்டியை விட்டுவந்தேன். மறுநாள் போனால் கடை வாசலில் வண்டியே இல்லை. வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் ஜீப் வந்தது. சக்கரமெல்லாம் செம்மண். பின்சீட்டில் அவர் மனைவி, தலை நிறைய மல்லிகை, மடியில் காய்கறிப் பை.

"ஏனுங்க, வண்டிய எங்கீங்க ஓட்டிட்டுப் போனீங்க?"

"மேட்டுப்பாளையமுங்க. உக்காந்து பாக்காம எப்படிங்க குடுக்கறது? இவளுக்கும் இடுப்புவலிதானுங்க."

சோதனை ஓட்டமா, சந்தைப் பயணமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அந்த அம்மாவையே கேட்டேன், வலி எப்படி இருந்ததென்று. அவர் கணவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"போறப்ப வலிக்கலீங்க. வர்றப்ப எனக்குத் தெரியாதுங்க, தூங்கிப்போட்டேன்."