நாற்று முடியோடு வருகிறவள்

என் ஆறு நாவல்களிலும் ஒருத்தி வருவாள். முதல் நாவலில் கடல் தஞ்சாவூர் வரை ஏறியிருக்கும். மூன்றாவதில் காவிரி பூமிக்கடியில் ஓடும். ஆறாவதில் செவ்வாய்க் கிரகத்தில் குறுவைச் சாகுபடி நடக்கும். எங்கே எதுவானாலும், கதை முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் கையில் நாற்று முடியோடு வந்து இறங்குவாள். வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். பேர் கிடையாது, ஊர் கிடையாது.

ஏழாவதுதான் கடைசி. கும்பகோணத்துப் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "அந்தப் பொம்பள யாருன்னு இதுல சொல்லிடுங்கம்மா. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. சொல்லலேன்னா புத்தகம் அச்சுக்குப் போகாது."

சொல்ல எனக்கு மட்டும் ஆசையில்லையா என்ன? எனக்கே தெரியாதே! அவள் என் கற்பனை இல்லை. சின்ன வயதில் எங்கள் வயலில் நான் பார்த்தவள்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரனை இனி யாரும் அசைக்க முடியாது என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தின் மிராசுதார் மேடைப்பேச்சுக்கு மசிகிற ஆளா? "இவன் வயல்ல எவளும் நடவுக்கு இறங்கக் கூடாது" என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். வயல் தரிசாய்க் கிடந்தால், சாகுபடி செய்யாதவன் என்று அப்பாவை விரட்டிவிடலாம். பறித்து முடி முடியாகக் கட்டி வைத்த நாற்று வரப்பில் வாடிக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் திருவையாற்றுப் பக்கமிருந்து வரப்போடு ஒருத்தி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்று முடியை எடுத்து அம்மா பக்கத்தில் குனிந்தாள். அடேயப்பா, அது என்ன கை! அவளைப் பார்த்துப் பயம் தெளிந்து இன்னும் நாலு பெண்கள் இறங்கினார்கள். நடுவில் அம்மா தன் சொம்பை அவளிடம் நீட்டினாள். அவள் குடித்த மிச்சத்தை அம்மா குடித்தாள். பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது, நிலம் தப்பியது. அவள் கூலிகூட வாங்காமல் போய்விட்டாள். அம்மா வழி உறவாக்கும் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

பதிப்பாளர் கெடு வைத்ததும் நேரே அம்மாவிடம் போனேன். "அவ யாரும்மா? நீ கேக்கவே இல்லியா?"

"கேக்கல."

"உன் வயல்ல நட்டவ! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாருன்னு கேட்டா அடுத்தது எந்தத் தெருன்னு வரும். தெரு தெரிஞ்சா சொம்பக் குடுக்க விட்டிருப்பாங்களா உங்கப்பா வீட்டு ஆளுங்க? கைய ஏந்தச் சொல்லித் தூக்கி ஊத்தச் சொல்லியிருப்பாங்க. என் நிலத்தக் காப்பாத்த வந்தவளுக்கு நான் அதச் செய்யணுமா? கேக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நீயும் கேக்காத."

வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "கடைசி வரைக்கும் சொல்லலையேம்மா!" என்றார்.

"சொல்ல மாட்டேங்க. முடியாதுன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

திருப்பித்தான் கொடுத்தார். படியேறி இறங்கி வேறு பதிப்பகம் பிடித்தேன். புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு அம்மாவிடம் போய்க் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அதில் நாயகன் "நீ யார்?" என்று கேட்க வாயெடுப்பான். கேட்காமல், தன் சொம்பை அவளிடம் நீட்டுவான்.

"குடிச்சாளா?" என்றாள் அம்மா.

"குடிச்சாம்மா."