துபாய் நாலு மணி நேரம்

போன வாரம் ஆவடி சேக்காட்டில் ஒரு சாவு. எங்கள் பக்கத்து வீட்டு மேரியம்மா. வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஒரே மகன் சேவியர், துபாயில் வெல்டர். அவன் கிளம்பிய நாளில் அழுத மேரியம்மாவை, கணவர் அருளப்பன் இப்படித்தான் தேற்றினார்: "இன்னாத்துக்கு அழுவுற? பிளேன்ல நாலு மணி நேரம்தான். கூப்ட்டா வந்துடப் போறான்."

அந்தம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள எங்க தூரமா கீறான்? வேலூருக்கு பஸ்ல போய்ச் சேர்ற நேரம்தான்!" என்று கறிகாய்க்காரரிடம்கூடச் சொல்வார்.

சேவியருக்குத் தகவல் போனதும் தெருவே கணக்குப் போட்டது. ராத்திரி ஏறினால் விடியற்காலை மீனம்பாக்கம்... காலை டிபனுக்கு ஆவடி. சாவு வீட்டில் நாமெல்லாம் ஏர்லைன்ஸ் ஆபீசர்கள் ஆகிவிடுகிறோம் — நானும்தான்.

"அவன் மூஞ்சி பாக்காம பொட்டிய மூட உடமாட்டேன்" என்றார் அருளப்பன். ஐஸ் பார்கள் வந்து இறங்கின.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டு போனில் சேவியர். "அண்ணாத்தே, பாஸ்போர்ட்ட கம்பெனி ஆபீஸ்ல பூட்டி வச்சிக்கீறாங்க. இன்னிக்கு இங்க லீவு. மேனேஜர் நாளைக்குத்தான் வருவாரு..."

வெள்ளிக்கிழமை லீவா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. கடலைத் தாண்ட நாலு மணி நேரம். ஒரு பீரோ கதவைத் தாண்ட?

அன்று முழுக்க, மேலே விமானச் சத்தம் கேட்டபோதெல்லாம் அருளப்பன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் மறுபடி போன். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, ராத்திரி விமானத்தில்தான் இடம். இங்கே ஐஸ் தாங்கவில்லை. சர்ச் சாமியார் வந்து அருளப்பன் தோளைத் தொட்டார். "இதுக்கு மேல அவங்கள வச்சிருக்கக் கூடாது, அருளப்பா."

அருளப்பன் குனிந்து மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார். நிமிர்ந்தவர், மறுபடி குனிந்து இன்னொன்று. "இது சேவியரோடது" என்றார். பெட்டியை மூடினார்கள். நான் வெளியே வந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேவியரின் டாக்சி வீட்டுக்கு வரவில்லை. நேரே கல்லறைக்குப் போயிற்று. வாடிய மாலைகள் கிடந்த மண்மேட்டில் விழுந்து அவன் கதறியதை எழுத மனசில்லை.

அழுது ஓய்ந்த பிறகு அருளப்பன் மெதுவாகக் கேட்டார்.

"பிளேனு எம்மா நேரம்டா வந்துச்சு?"

"நாலு மணி நேரம், நைனா."

"உங்கம்மா கரெக்டாத்தான் சொல்லிகினு இருந்தா..."

வேலூர் பஸ்ஸுக்கு பாஸ்போர்ட் வேண்டாம் — அதை மட்டும் அந்தம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.