பூட்டிய சாட்டில் என் பெயர்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஷிப்ட் தொடங்கும் முன் போனை கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து அதைத் திரும்ப வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்து, முதலில் பார்ப்பது மெயிலைத்தான். "பெரிய மேனேஜரம்மா, மெயில் பாக்காங்க" என்று மற்ற பெண்கள் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். எனக்கு மெயில் போடுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

அவள் கோவில்பட்டிப் பக்கம், நான் சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் மூன்று வருஷம் எங்கள் இரண்டு பேர் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வேலையும் ஒரே லைனில்; அவள் ஒயரைச் செருகித் தள்ளினால் நான் ஸ்க்ரூ போடுவேன். பிறகு ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிடிக்கவில்லை என்று இரண்டு நாள் அழுதாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய அண்ணனுக்கே போன் போட்டு, "வேண்டாம்னு அழுத பிள்ளையைப் பிடிச்சுத் தள்ளுதீங்களே, அவ என்ன ஆடா மாடா?" என்று கேட்டுவிட்டேன். கல்யாணம் நிற்கவில்லை. நான் கேட்டது மட்டும் மாப்பிள்ளை வீடுவரை போய்ச் சேர்ந்தது. 'அந்த ஹாஸ்டல்காரியோட இனி ஒரு பேச்சும் கூடாது' என்பதுதான் அந்த வீட்டில் அவளுக்குப் போட்ட முதல் சட்டம். என் நம்பரை அவள் புருஷன் தன் கையாலேயே அழித்தான். பகலில் அவள் போன் மாமியார் கையில் இருக்கும், சீரியல் பார்க்க.

மெயிலை மட்டும் யாரும் தொடவில்லை. அது அவளுடைய ஏற்பாடு. வேலையை விட்டுப் போகும் முன்பே எங்கள் இருவருக்கும் தனித்தனியாக ஒரு மெயில் கணக்கு தொடங்கியிருந்தாள். சாதாரண மெயில் இல்லை. எழுதியதைப் பூட்டி அனுப்புகிற மெயில். நடத்துகிற கம்பெனிக்காரனே திறந்து படிக்க முடியாதாம். அதில் என் பெயர் 'ஷிப்ட் ஆபீஸ்'. தலைப்பில் எப்போதும் 'ரிலீவிங் லெட்டர் சம்பந்தமாக' என்று போடுவோம். வேலை பார்த்ததற்கான லெட்டர் மெயிலில்தான் வரும் என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். ஒன்றரை வருஷமாக அந்த லெட்டர் வந்துகொண்டே இருந்தது. மாமியாருக்கு அது ஆபீஸ் சமாச்சாரம், ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள்.

பாட்டு கேட்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு மாடியில் துணி எடுக்கப் போகும்போதுதான் அவள் படிப்பாள், எழுதுவாள். நாலைந்து நாளுக்கு ஒரு மெயில் வரும். சில சமயம் இரண்டு வாரம் ஒன்றுமே வராது.

அந்த இரண்டு வாரங்களை நான் எப்படித் தள்ளினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் படுத்த கட்டிலுக்கு அதற்குள் ஆறு பேர் வந்து போய்விட்டார்கள். பெயர் பழகுவதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், "யம்மாடி, என்ன கூட்டம்!" என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. மெயிலில் எழுதலாம்தான். பதில் வருகிறபோது எந்தக் கூட்டம் என்று எனக்கே மறந்திருக்கும்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பஸ்ஸில் அந்த மெயில் கம்பெனிக்காரர்களே எனக்கு எழுதியிருந்தார்கள். பூட்டிய மெயிலோடு பூட்டிய சாட் வசதியும் கொடுக்கலாமா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் கருத்துக் கேட்ட முதல் கம்பெனி அதுதான். கொடுக்கலாம் என்று அழுத்திவிட்டு, காரணம் எழுதுகிற கட்டத்தில் தமிழிலேயே அடித்தேன்: 'தாங்கய்யா, நாளைக்கே தாங்க. நான் இன்னைக்குச் சிரிச்சா அவ வெள்ளிக்கிழமைதான் சிரிக்கா.'

அவளுக்கும் சந்தோஷமாக எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "வேண்டாம்டி. இந்த வீட்டுல மெயில்னா ஆபீஸ், சாட்னா ஆளு. அவ்வளவுதான் இவங்களுக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூட்டித்தானட்டி அனுப்புதாங்க? கம்பெனிக்காரனே படிக்க முடியாதுங்கான்."

"கம்பெனிக்காரனுக்கு இங்க யாரு பயந்து கிடக்கா? போன் எங்க அத்தை கையில கிடக்கு."

உனக்கென்ன, பேச வீடு நிறைய ஆள் இருக்கிறது, நானல்லவா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று கோபத்தில் எழுதிவிட்டேன். அதற்கு அவள், "கோவமா இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு" என்று மட்டும் எழுதினாள்.

சில மாதங்களில் மெயில் ஆப்பிலேயே சாட்டுக்கு ஒரு புதுப் பொத்தான் வந்தது. நான் தொடவில்லை. தினமும் பார்ப்பேன், தொட மாட்டேன். அவளுக்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஹாஸ்டலில் எல்லாரும் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். வார்டன் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாமா, இன்னும் பட்த்துகினு கீற? கஞ்சி வெச்சிக்கீறேன், குடி" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி. ஆனாலும் கதவு சாத்திய பிறகு அந்த அறையில் ஃபேன் சத்தம்தான். எனக்கு அழுகை வந்தது. பொத்தானை அழுத்தினேன். உங்கள் பெயர் என்ன என்று அது கேட்டது. ஒன்றரை வருஷமாக ஷிப்ட் ஆபீஸாகவே இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. என் பெயரையே போட்டேன்.

"இருக்கியாட்டி?" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "ம். சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சல், வாய்க்கசப்பு, கஞ்சிகூட இறங்கவில்லை என்று வரிசையாக அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. மாடியில் துணி எடுக்கும்போது இனி இதிலேயே பேசலாம் என்றேன். "ஒங்க மாமியார் சீரியலுக்குள்ள போயாச்சா?" என்று சிரிப்புப் படமும் போட்டேன்.

"நான் இன்னைக்குச் சீரியல் பாக்கலை. இதைத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன்" என்று வந்தது.

போனைக் கட்டிலில் வீசினேன். ஐயோ, பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னை நானே அடித்துக்கொண்டேன். சாயங்காலம் மெயில் அனுப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

அந்தக் கம்பெனிமேல் எனக்குக் கோபமில்லை. பூட்டு நல்ல பூட்டுதான். வழியில் யாரும் படிக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் படித்தார்கள். சாட் வேண்டுகிற எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்குக் கொடுக்கட்டும். கூப்பிடுகிறவளின் பெயரைத் திரையில் காட்டும் முன் அந்தப் பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அந்தப் பக்கத்து ஆள் என்னிடம் முன்பே பதில் சொல்லியிருந்தாள். வேண்டாம்டி என்று தமிழில்தான் சொன்னாள். கேட்காதவள் நான்.

பன்னிரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏட்டி, காய்ச்சல் விட்டுட்டா?"

அவள்தான். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம். பின்னால் ஏதோ கடைச் சத்தம். "விட்டுட்டு, ஏட்டி. ஒன்னைய அவங்க..." என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"கஞ்சி இறங்குதா இப்போ?"

"இறங்குது."

"சரி. வைக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

உடனே திருப்பி அடித்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. "இது மெடிக்கல் ஷாப்புங்க. அந்தப் பிள்ளை போயிட்டு. காய்ச்சலுக்கு மாத்திரை வேணுமாம்மான்னு கேட்டேன், எனக்கில்லண்ணேன்னு சொல்லிட்டு ஓடிட்டு. இந்த நம்பருக்கு அடிக்காதீங்கம்மா. அவங்க வீட்டு ஆளுக இங்கதான் மருந்து வாங்க வருவாங்க."

சரிண்ணே என்று சொல்லி வைத்தேன். பஸ் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும் முன் அந்த நம்பரை அழித்துவிட்டேன். வைத்திருந்தால் ஒரு நாள் அடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.