181 முதல் 185 வரை

என் படிப்பைக் கெடுத்தவரின் மகள் நான் வேலை பார்க்கும் கல்லூரியிலேயே வந்து சேர வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. தானாக நடந்தது. இயற்பியல் முதலாமாண்டுப் பட்டியலில், அப்பா பெயர் என்ற கட்டத்தில் எங்கள் துறைத் தலைவரின் பெயரைப் பார்த்த அன்று மதியம் எனக்கு அப்படி ஒரு பசி எடுத்தது. கேன்டீனில் இரண்டு சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டேன்.

நானும் அதே துறையில், அதே சாரிடம் படித்தவள்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். மூன்றாம் வருடம் டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். ஐந்து பாடங்களின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் இரண்டைக் காய்ச்சலோடு அரைகுறையாக எழுதினேன், மூன்றுக்குப் போகவே முடியவில்லை. இருபத்தைந்துக்கு எட்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்பது, பூஜ்யம். உடம்பு தேறியதும் சார் எனக்காக மறுதேர்வு வைத்தார். திருத்திய தாள்களை என்னிடமே காட்டினார். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபத்து மூன்று, இருபது, இருபத்து நான்கு. "லிஸ்ட்ல நானே மாத்திடறேன்மா. நீ போய் பெரிய பரீட்சைக்குப் படி" என்றார்.

அப்போதெல்லாம் உள்மதிப்பெண்களைத் துறையில் ஒட்டுகிற வழக்கமில்லை, பெரிய பரீட்சை முடிந்து மதிப்பெண் பட்டியல் வந்தபோதுதான் பார்த்தேன். எட்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்பது, பூஜ்யம். சென்னையில் எம்.எஸ்சி. படிக்க எனக்குக் கிடைத்திருந்த இடம், சதவீதம் போதவில்லை என்று கையைவிட்டுப் போனது.

பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று பார்த்து அவர் மகளுக்குக் காது குத்து. தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஐந்து வயதுக் குழந்தை, புதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டிருந்தது. சார் பந்தியில் யாருக்கோ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எல்லாம் மாத்தியாச்சும்மா, மாத்தியாச்சு. சாப்ட்டுட்டுப் போ" என்று அங்கிருந்தே கையை ஆட்டினார். நாலு பேர் முன்னால், முகத்துக்கு நேராக, இப்படி ஒரு பொய். என் பிழைப்பைக் கெடுத்துவிட்டு என்னைச் சாப்பிட வேறு சொல்கிறாரா? பையிலிருந்த தாளை வெளியே எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களிடம் "ரூம் இல்லீங்க, ரூம் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி வருடங்கள் போயின. அஞ்சல் வழியில் எம்.சி.ஏ. முடித்தேன். கல்லூரியில் இயற்பியல் துறையின் கணினி ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். நேர்காணலில் சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கீழ்பென்னாத்தூர் பொண்ணுதானே நீ?" என்றவர், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

துறையின் உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் இன்றைக்கும் சார் அந்தக் காலத்தில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில்தான் ஓடுகின்றன. வருடத்துக்கு ஒரு பைனரி கோப்பு. சாதாரணமாகத் திறந்து பார்த்தால் கிறுக்கல்தான் தெரியும். உள்ளே வெறும் முழு எண்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட அறைகளில் வரிசையாக இருக்கும். ஒரு மாணவருக்கு ஐந்து அறைகள். வரிசை எண் பன்னிரண்டு என்றால் 56இலிருந்து 60 வரை. எந்த அறைக்கும் முன்னால் உள்ள அறைகளைத் தட்டாமல் நேராகப் போகலாம். லாட்ஜில் இருந்தவளுக்கு இது புரிவதில் என்ன கஷ்டம்?

அறையில் உள்ள எண்ணை மாற்றுவதற்கு, விண்வெளிக் கணக்குகளுக்காக யாரோ எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கும் ஒரு நிரல் லைப்ரரியிலிருந்து ஒரு ரொட்டீனை, அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன நிரலை, அவர் பயன்படுத்தியிருந்தார். எந்தக் கோப்பு, எந்த அறையிலிருந்து எந்த அறை வரை, புது எண்கள் என்ன என்று சொன்னால் போதும். பழைய எண்ணின் மேலேயே புது எண் உட்கார்ந்துவிடும். கோப்பின் அளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அடித்தல் திருத்தல் எதுவும் தெரியாது. எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மூன்று வருடம் பொறுத்திருந்தேன். அந்தப் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆய்வகத்துக்கு வந்தால் முன் வரிசையில் உட்காருவாள், கிளம்பும்போது நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டுப் போவாள். கெட்டவளாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாக இருக்கும். கடைசிப் பருவத்தில் ஒரு நாள், "இன்டர்னல் மட்டும் கம்மி ஆகலனா சென்னைல எம்.எஸ்சி. சீட்டு உறுதிக்கா" என்றாள். நான் விட்ட அதே இடம். "கண்டிப்பா கெடைக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் வரிசை எண் பன்னிரண்டு.

பட்டியல் அச்சாகிற நாளுக்கு முந்தின நாள், மதிய உணவு வேளையில் உட்கார்ந்தேன். பழைய கோப்புறைகளைத் துழாவியபோது, ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் திருத்த சார் எப்போதோ எழுதி வைத்த பதினைந்து வரி நிரல் அகப்பட்டது. ஓட்டினால் எந்த வருடக் கோப்பு என்று கேட்கும், மற்றதெல்லாம் உள்ளேயே எழுதியிருந்தது. அவர் கையாலேயே அவர் கண்ணைக் குத்துகிற மாதிரி இருக்கட்டும் என்று அதைப் பிரதி எடுத்தேன். அதில் 185, 181 என்று இருந்த இடத்தில் 60, 56 என்று மாற்றினேன். அங்கே இருந்த ஐந்து மதிப்பெண்களைப் படித்துப் பார்க்காமலே அழித்துவிட்டு ஐந்து பூஜ்யங்களை எழுதினேன். ஓட்டினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஊர் வரை நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவேயில்லை.

மறுநாள் பௌர்ணமி. டவுனுக்குள் விடாமல் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள் என்பதால் கல்லூரியைச் சீக்கிரமே விடுவார்கள். அதற்குள் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். கூட்டத்தில் முட்டி மோதிப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் இருபத்து நான்கு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஒரு பூஜ்யம்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் அவள் குதித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பாருங்கக்கா!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவமானத்தில் காது சூடாகிவிட்டது. ஆய்வகத்துக்குப் போய் அந்த ரொட்டீனின் தலைப்பில் இருந்த குறிப்பை அப்போதுதான் முதல் முறையாகப் படித்தேன். எந்த அறையிலிருந்து என்பது முன்னால் வர வேண்டும், எந்த அறை வரை என்பது பின்னால். கடைசி எண் முதல் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் ரொட்டீன் எதையும் மாற்றாது. அது பிழையாகவும் கருதப்படாது, சும்மா திரும்பிவிடும். நான் 60இலிருந்து 56 வரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதியது தப்பாக இருக்காது என்ற மரியாதை எனக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, பாருங்கள்.

அப்புறம்தான் தோன்றியது. அப்படியானால் அவருடைய திருத்தமும் நடந்திருக்காதே? யாருக்காக இதை எழுதினார்?

அசல் நிரலைத் திறந்தேன். 181இலிருந்து 185 என்றால் வரிசை எண் முப்பத்தேழு. என் வரிசை எண். எழுத வேண்டிய ஐந்து எண்கள் 22, 21, 23, 20, 24. நிரலைச் சேமித்த தேதி, எங்கள் வருடப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் வருடக் கோப்பையும் எடுத்துப் பார்த்தேன். அந்த ஐந்து அறைகளில் 8, 0, 0, 9, 0 அப்படியே இருந்தன.

அந்த மனிதர் மாற்றத்தான் செய்திருக்கிறார். மாறிவிட்டது என்று நம்பியும் இருக்கிறார். பாயசக் கரண்டியோடு அவர் சொன்னது பொய்யில்லை. என்னைக் கெடுத்த அதே தப்புதான் அவர் மகளைக் காப்பாற்றியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு எனக்கு மனசு இளகியது என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதுமே, பாவி, ஒரே ஒரு தடவை! இரண்டு நிரல்களையும் அச்செடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனேன்.

முதல் தாளை மட்டும் மேஜையில் வைத்தேன். "இத படிங்க சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 185, 181 என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. வெகு நேரம் எடுக்கவில்லை.

"அப்ப... மாறவே இல்லையா?"

"இல்லீங்க சார். எனக்கு சென்னைல சீட்டு போச்சு."

"ஒனக்காக உக்காந்து இவ்ளோ பண்ணமே, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளேனு நெனச்சிட்டு இருந்தேன்மா. இத்தினி வருசமா." தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "இத எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பழைய நிரல்களை ஒழுங்குபடுத்தினேன் என்றால் நம்பியிருப்பார். ஆனால் பாதி வலிதான் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒன்று கத்தியது. இரண்டாவது தாளையும் எடுத்து வைத்தேன்.

"ஒங்க பொண்ணு மார்க்க பூஜ்யமாக்கப் பாத்தேன் சார். ஒங்க ப்ரோக்ராம காப்பி அடிச்சேன். அதான் ஆவல."

அதையும் படித்தார். வெளியே பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். திட்டட்டும், முதல்வரிடம் இழுத்துக்கொண்டு போகட்டும். அவர் ஒரு வார்த்தை கத்தினால் திருப்பிக் கத்துவதற்குப் பதினைந்து வருடத்துப் பேச்சு என்னிடம் தயாராக இருந்தது.

அவர் பேனாவை எடுத்து, முதல் தாளில் 185ஐயும் 181ஐயும் இடம் மாற்றி எழுதினார். மகளுடைய தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு சாப்ட்டுட்டாவது போனியாம்மா?"

"இல்ல" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இன்றைக்கும் அதே துறையில்தான் வேலை பார்க்கிறேன், அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் சென்னைக்குப் போய்விட்டாள். என்னிடம் சொத்து என்று இருந்தது அந்த ஒரு கோபம்தான், அதையும் அவர் ஒரே கேள்வியில் வாங்கிக்கொண்டார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.