நாலாவது புள்ளி

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ், வினாத்தாள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பத்திரிகையில் 'இருவீட்டார் அழைப்பு' என்பதை 'இருவீட்டார் அழிப்பு' என்று அடித்துவிட்டேன். பத்திரிகை பாதி ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அன்றைக்கே இணையத்தில் தேடிப் பிடித்ததுதான் அந்த மென்பொருள். தமிழில் தட்டச்சு செய்தால் தப்பான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போடும். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிற சார் ஒருவர் எழுதியது. இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்து மாற்றலாம். வேலை செய்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. அதில் இல்லாத சொற்களை நான் அவருக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் சொற்பட்டியலே என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

சாரையும் என்னையும் தவிர உண்மையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்தும் டீச்சர். இலக்கண விதிகள் எல்லாம் அவர் கையில். இன்னொருவர் அதிராம்பட்டினத்துத் தம்பி; வளைகுடாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வடிவமைப்பாளர். மற்றபடி குழுவில் பத்துப் பேர் இருந்தார்கள். எதைப் போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் இணையதளம் பார்க்கச் சகிக்காது. அடர்நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. ஒரு மூலையில் 'புதியது' என்ற சொல் விட்டுவிட்டு மின்னும். அதற்குப் பக்கத்தில் இருந்த செய்திக்கு ஏழு வயது.

தம்பி நாற்பது நாள் விடுப்பில் ஊருக்கு வந்தபோது எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, சும்மா இருக்க முடியலக்கா. உம்மா ஒரு பக்கம் விருந்து வைக்கிறாங்க, மாமியா வீட்டுல ஒரு பக்கம். நடுவுல நம்ம தளத்தை மாத்திக் குடுத்துடறேன். நாலு நாள் வேலைதான்."

சொன்னபடி நாலாம் நாள் படத்தைக் குழுவில் போட்டார். அழகாகத்தான் இருந்தது. வெள்ளைப் பின்னணி, பச்சையில் ஒரு பெரிய பொத்தான், அதில் 'இப்போதே திருத்து'. மேலே எங்கள் மென்பொருளின் பெயர் இரண்டு வரியில்: முதல் வரியில் 'எழுத்துப்', இரண்டாவது வரியில் 'பிழைத்திருத்தி'. மெய்யெழுத்தின் தலையில் வரும் புள்ளிகளை மட்டும் புள்ளியாக வைக்காமல் நெல்மணியாக வரைந்திருந்தார். மேல் வரியில் இரண்டு நெல், கீழ் வரியில் இரண்டு நெல். நம் ஊர் ஆட்கள் செய்தது என்று பார்த்தாலே தெரியட்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்துக் கட்டைவிரல் தூக்கப்பட்டது.

அரை மணி நேரம் கழித்து டீச்சர் எழுதினார்: "பிழை திருத்தி என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே வல்லினம் மிகாது. வழிகாட்டியை வழிக்காட்டி என்று எழுதுவோமா? 'த்' வேண்டாம்."

தம்பி பதில் போட்டார்: "டீச்சர், த்-ஐ எடுத்தால் கீழ் வரியில் ஒரு நெல்தான் இருக்கும். மேலே இரண்டு, கீழே ஒன்று. சாய்ந்த மாதிரித் தெரியும்."

"நெல்லுக்காக இலக்கணத்தை மாற்ற முடியாது."

"கண்ணுக்கு உறுத்தும் டீச்சர்."

"எனக்கு இப்போதே உறுத்துகிறது."

இப்படியே பன்னிரண்டு நாள் போனது. பின்னணி வெள்ளையா, பொத்தான் பச்சையா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்துக் கட்டைவிரல்காரர்களும் அந்த ஒரு புள்ளியைப் பற்றி வாய் திறந்தார்கள். அதுவரை அவர்களுக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. வாக்கெடுப்பு வைத்தோம். ஏழுக்கு ஏழு வந்தது. சார் தன் வாக்கை எந்தப் பக்கம் போட்டார் என்று கேட்டேன். "முதல்ல ஒண்ணுல போட்டேன், டீச்சர் மனசு கஷ்டப்படுமேன்னு மாத்திட்டேன்மா" என்றார். பதினான்கு பேரில் இப்படி எத்தனை பேர் மாற்றினார்களோ.

யாரோ ஒருவர் நல்ல யோசனை சொன்னார். நம் மென்பொருளையே கேட்போமே, பிழை கண்டுபிடிக்கத்தானே அது இருக்கிறது? சார் இரண்டு வடிவத்தையும் அதில் போட்டார். இரண்டுக்கும் சிவப்புக் கோடு விழுந்தது. 'திருத்தி' என்ற சொல்லே அதற்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்ல வந்தது 'திருப்தி'யா என்று கேட்டது.

எழுத்துப்பிழைத் திருப்தி.

சொற்பட்டியல் என் பொறுப்பு. ஊரில் உள்ள பூச்சிமருந்துப் பெயர்வரை சேர்த்திருந்தேன். மென்பொருளின் சொந்தப் பெயரைச் சேர்க்கத் தோன்றவில்லை. இப்போது சேர்க்கலாம் என்றால், எப்படிச் சேர்ப்பது? நான் எதைச் சேர்க்கிறேனோ அதுதான் சரி என்று மென்பொருள் சொல்லும். அன்று மாலைக்குள் டீச்சரிடமிருந்து ஒரு போன், தம்பியிடமிருந்து ஒரு போன். இருவரும் என் உடல்நலத்தை விசாரித்தார்கள்.

"நேர்ல உக்காந்து பேசிடுவோம்மா" என்றார் சார். ஞாயிற்றுக்கிழமை காலை, என் கடையில். டீச்சர் ஒரு நிபந்தனை வைத்தார்: கைப்பேசியில் பார்த்து முடிவெடுக்க முடியாது, பெரிதாக அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நியாயம்தான். பக்கத்துக் கடையில் பிளெக்ஸ் போடுகிறவரிடம் சொல்லி, நாலடிக்கு ஆறடி அளவில் இரண்டு அடித்தேன். ஒன்றில் நாலு நெல், ஒன்றில் மூன்று. மை வாடை கடைக்குள் தாங்காது என்று வெளியே ஷட்டருக்கு இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டேன்.

இதுதான் நான் செய்த தப்பு. தலைப்புக்குக் கீழே எங்கள் தளத்தின் வாசகத்தையும் தம்பி போட்டிருந்தார்: 'உங்கள் பிழைகளை இலவசமாகத் திருத்துகிறோம்.'

ஒன்பதரைக்குச் சார் வந்தார், பிறகு டீச்சர், கடைசியாகத் தம்பி. காபி வாங்கி வந்து உட்கார்ந்தோம். தம்பி கணினித் திரையில் அடிக்குச்சி வைத்துப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை டீச்சருக்கு அளந்து காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை.

"இங்கதான் பேரு திருத்துறதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வெளியே திரும்பி பிளெக்ஸைக் காட்டினார். "இலவசம்னு போட்டிருக்கே."

அவர் திருவிடைமருதூர்ப் பக்கம் விவசாயி. பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறதாம். குறுவை அறுத்து நெல் களத்தில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் சிட்டாவையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பெயர் ஒத்துப்போகவில்லை, மாற்றிக்கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டார்களாம். அவருக்குப் பின்னால் ரேஷன் கார்டோடு ஒரு அம்மா நின்றார். அவருக்குப் பின்னால், பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் யோகம் வரும் என்று ஜோசியர் சொன்னதாக ஒருவர்.

"எந்த எழுத்தைக் கூட்டலாம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

"த் கூட்டிக்கங்க" என்றார் தம்பி. டீச்சர் பார்த்த பார்வையில் தம்பி அடிக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

நாங்கள் விளக்கிச் சொன்னோம். இது மென்பொருள், இணையதளம், தட்டச்சு செய்யும்போது வருகிற பிழையை மட்டும் காட்டும். விவசாயி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு பிளெக்ஸில் 'இப்போதே திருத்து' என்று இருந்த பச்சைப் பொத்தானை விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.

"அப்ப இது?"

டீச்சர்தான் எழுந்தார். "பட்டாவைக் குடுங்க, பாப்போம். மனு எழுதித் தர்றேன். நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல குடுத்துடுங்க." கண்ணாடியைப் போட்டுப் பட்டா நகலைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார். மறுபடி பட்டாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஐயா, பட்டாவுல சரியாத்தானே இருக்கு! உங்க பேருக்குப் பெரிய ற-தான் வரணும். போட்டிருக்காங்க. மத்த எல்லாத்துலயும்தான் சின்ன ர போட்டுத் தப்பு பண்ணியிருக்காங்க."

"அதாங்க டீச்சர். ஆதார், ரேஷன், பாங்கு புஸ்தகம், ஓட்டு கார்டு எல்லாத்துலயும் சின்ன ர. இது ஒண்ணுலதான் பெரிய ற. இதைச் சின்னதா மாத்தணும்."

"சரியா இருக்கறதைத் தப்பா மாத்தணுமா?"

"சரியா இருக்க வேண்டாங்க. ஒரே மாதிரி இருந்தா போதும்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். எத்தனை வருடமாக எத்தனை நூறு பிள்ளைகளின் நோட்டில் சின்ன ர-வைச் சுழித்துப் பெரிய ற போட்ட கை அது. அந்தக் கையால் இப்போது, பெரிய ற-வைச் சின்ன ர-வாகத் திருத்தித் தரும்படி பணிவுடன் கேட்டு எழுத வேண்டும். எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'எனினும் இலக்கணப்படி முன்னதே சரி.'

விவசாயி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கடைசி வரி வேண்டாம். அப்புறம் அவங்க படிச்சிட்டு, சரியாத்தானேய்யா இருக்கு, போன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

டீச்சர் அந்த வரியை அடித்தார். அடித்தல் திருத்தல் உள்ள மனு நன்றாக இருக்காது என்று அவரே வேறு தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினார். நான் கணினியில் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு யோசித்தேன், நான் அடித்திருந்தால் எங்கள் மென்பொருள் அந்தச் சின்ன ர-வுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அவருடைய விதிதான் அது.

அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். டீச்சர் மனு எழுதினார், நான் நகல் எடுத்தேன், தம்பி வரிசையைப் பார்த்துக்கொண்டார். யாருக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று பெரிய காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அதைத் தன் வழக்கப்படி அழகாகத்தான் எழுதினார். டீச்சர்கூட அதில் குறை சொல்லவில்லை. சார் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எல்லாருக்கும் நல்ல களைப்பு. இனிமேல் அந்தப் புள்ளியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"டீச்சர், ஒரே மாதிரி இருந்தா போதும்னு அந்தப் பெரியவரே சொல்லிட்டாரே. மேலயும் ரெண்டு, கீழயும் ரெண்டு..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"அவருக்கு நெல்லு விக்கணும் தம்பி. உனக்கு என்ன விக்கணும்?" என்றார் டீச்சர், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். அவருடைய அப்பாவுக்குக் கடைமடையில் கொஞ்சம் நிலம். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று. அதையே செய்யலாம் என்றார். ஒற்றைப்படைத் தேதியில் தளத்தைத் திறந்தால் 'த்' இருக்கும். இரட்டைப்படைத் தேதியில் இருக்காது. பத்து வரி நிரல் போதும். அந்த ஞாயிறு முழுவதும் அவர் சொன்ன ஒரே யோசனை அதுதான். டீச்சரும் தம்பியும் இலையை மடித்தார்கள். பிறகு சரி என்றார்கள். தனக்கு மின்னுகிற 'புதியது' மட்டும் வேண்டும் என்று சார் மெதுவாகக் கேட்டார். தம்பி கீழ் மூலையில் சின்னதாக இடம் கொடுத்தார். சொற்பட்டியலில் நான் இரண்டு வடிவத்தையும் சேர்த்தேன்.

புதுத் தளம் அந்த வாரமே வெளியானது. விவசாயிக்கு ஒரு மாதத்தில் பெயர் மாறியது. கடைக்கு வந்து காட்டினார். எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி, அழகாக, தப்பாக இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டார்.

தம்பி வளைகுடாவுக்குத் திரும்பிய பிறகு டீச்சர் குழுவில் ஒரு கேள்வி எழுப்பினார். முப்பத்தொன்று ஒற்றைப்படை. மறுநாள் ஒன்றாம் தேதி, அதுவும் ஒற்றைப்படை. அப்படியானால் தொடர்ந்து இரண்டு நாள் 'த்' வருகிறது. வருடத்தில் ஏழு மாதம் இப்படி. ஏழு நாள் தம்பிக்குக் கூடுதல்.

கணக்கு வாத்தியாரான சாருக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. இரண்டு நாள் குழுவில் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் அறிவிப்பு வந்தது: இனி முப்பத்தொன்றாம் தேதிகளில் தளத்தில் தலைப்பே இருக்காது. வாய்க்கால் அடைத்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீப் வருடத்தை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முப்பத்தொன்றாம் தேதி நானும் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் பச்சைப் பொத்தான், மூலையில் மின்னுகிற 'புதியது'. வேறு எதுவும் இல்லை. அன்று சாயங்காலம் தம்பி குழுவில் ஒரு மின்னஞ்சலைப் பகிர்ந்தார். முகம் தெரியாத யாரோ ஒரு பயனர் எழுதியிருந்தார்: தளத்தின் புது வடிவமைப்பு மிக அருமை, குறிப்பாகத் தேவையில்லாத தலைப்பை எல்லாம் எடுத்துவிட்டது.

அதற்குக் கீழே பத்துக் கட்டைவிரல்.