ஃபைவ் நைன்

அச்சன்புதூரில் எங்கள் தோப்பைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி, என் ஹாம் ரேடியோவுக்குள் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அன்று காலை அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல் திணறிக்கொண்டிருந்தது. ஹாம்காரர்கள் எங்கள் வழக்கத்தில் ‘ஃபைவ் நைன்’ என்றால் குரலின் தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, சிக்னலின் வலுவுக்கு ஒன்பதுக்கு ஒன்பது என முழு மதிப்பெண். பாதி கேட்டும் கேட்காமலும், அவருக்குப் பதில் கொடுத்த எல்லோரும் மரியாதைக்கு அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் எழுந்திருப்பதில்லை என உட்கார்ந்துவிட்டேன்.

இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரைப் போட்டேன். வேலி அடங்கியது, ஆனால் குரலும் கரகரத்தது. அதன் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். அடுத்து எங்கிருந்தோ ஒரு விசில் குறுக்கே வந்தது. நாட்ச் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி அதையும் அமுக்கினேன். பிறகு டியூனிங்கை லேசாக நகர்த்தியதும் வார்த்தைகள் பிடிபட்டன.

“புது ஆன்டெனா கட்டியிருக்கேன், எப்படிக் கேக்குதுன்னு உண்மையச் சொல்லுங்கன்னா, எல்லாரும் ஃபைவ் நைன்னு சொல்லிட்டுப் போயிடுதாங்க.”

மைக்கை அழுத்தினேன். “த்ரீ த்ரீ, அண்ணாச்சி. இறக்கிட்டுத் திரும்பக் கட்டுங்க. நான் இங்கனயேதான் இருப்பேன்.”