என் கைக்கு அளவெடுத்த ராடு

எங்கள் குப்பத்தில் பெண்கள் மீனை வாங்கலாம், விற்கலாம், அறுக்கலாம், காய வைக்கலாம். பிடிக்க மட்டும் கூடாது. படகில் ஏறாதே, வலையைத் தாண்டாதே என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். கோபம் வரும். ஆனாலும் பழகிப்போயிருந்தது.

போன வருஷம் அந்தப் பழக்கம் கெட்டது. மரக்காணத்தில் ஓர் உப்பு கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. சாயங்காலம் உப்பளத்தைத் தாண்டி, முகத்துவாரம் வழியாகக் கடலோரமாகவே வீட்டுக்கு நடப்பேன். சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் அங்கே ராடு எனும் தூண்டில் கம்பை வீசிக்கொண்டிருப்பார்கள். இரை கிடையாது. லூர் என்கிற பொய் மீனைத் தூர எறிந்து, கம்பில் மாட்டிய நூல் ரீலைச் சுற்றி இழுப்பார்கள். அது நிஜ மீன் மாதிரியே நெளிந்து வரும். ஒருநாள் குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளியூர்ப் பெண் வீசினாள். மீன் மாட்டி ராடு வளைந்ததும் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அவளுக்குக் கைதட்டுகிறவர்கள் என்னைத் தடுப்பானேன் என்று எரிச்சலாக வந்தது. படகுக்கும் வலைக்கும்தான் சட்டம். ராடுக்கு இன்னும் யாரும் போடவில்லை. போடுவதற்குள் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ராடு வாங்கலாம் என்றதும் சிரித்தார். கரையில் நின்று மீன் பிடிப்பது வேலையத்தவன் வேலை என்றார். அப்புறம் காற்று ஓயாமல் அடித்து, படகு கரையிலேயே கிடந்த ஒரு வாரத்தில் அவருக்கே கை அரித்தது. வண்டியை எடுத்தார். யார் வீசப்போவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுச்சேரிக் கடையில் அவர் ராடு பார்த்த அழகைச் சொல்லியே ஆக வேண்டும். துடுப்பு வாங்குகிறவர் போல ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி, பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். வளைந்தால் வேண்டாம். கடைசியில் எதற்கும் மசியாத, உலக்கை கனத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு இதுதான் சரி என்றார். அது ஈயக்குண்டு கட்டி இரை போடுகிறவர்களுக்கு என்றார் கடைக்காரர். லூருக்கு எடை குறைவு. அந்த எடைக்கே நுனி வளைந்து நிமிர்ந்தால்தான் தூரம் போகும். இதில் கட்டி வீசினால் காலடியில்தான் விழும். அதோடு, திரும்பத் திரும்ப வீச வேண்டியிருப்பதால் கை சோராத கனமாகவும் இருக்க வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் அரை மனதாக ஒரு லேசான ராடை எடுத்தார். கடைக்காரர் அதன் அடிக்கட்டையை அவர் அக்குளில் வைத்து, ரீல் மாட்டும் இடம் கைக்கு எட்டுகிறதா என்று அளவு பார்த்தார். கச்சிதமாக இருந்தது. உறையில் போடப் போனார்.

இப்போது வாயைத் திறக்காவிட்டால் அது அவர் ராடு ஆகிவிடும். நான் பழையபடி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"எனக்கு அளவு பாருங்க," என்றேன். "வீசப்போறது நான்தான்."

கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவரோ மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "அது கைக்கு ஏத்த மாதிரியே குடுப்பா," என்றார்.

வந்தது ஒரு சாண் குட்டையான ராடு. அக்குளில் இடுக்கியதும் கை தானாக ரீல் மாட்டும் இடத்துக்குப் போனது. காற்றில் ஒரு வீசு வீசினேன். நுனி துள்ளி உடனே நின்றது. கண்ணாடி அலமாரி தப்பியது கடைக்காரர் செய்த புண்ணியம்.

ஆரம்பத்தில் என் லூர் போகாத திசை இல்லை. ஒருமுறை என் முந்தானையையே பிடித்தது. மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நல்ல கனமான மீன்தான் மாட்டியிருக்கிறது என்று சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் தடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெம்பு வந்தது.

ஒரு சாயங்காலம் முகத்துவாரத்தில், கலங்கல் தண்ணீர் கடலோடு சேரும் இடமாகப் பார்த்து வீசினேன். பாதி சுற்றியபோது ரீல் நின்றது. எதிலோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சிக்கல் ஓடத் தொடங்கியது. ராடு வளைந்தது, அடிக்கட்டையை அக்குளில் இறுக்கிக்கொண்டேன். படகுக்குப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். பிடுங்கிக்கொள்ளப் போகிறார் என்று பயந்து, தொடாதீங்க என்று கத்திவிட்டேன். அவர் ராடைத் தொடவில்லை. என்னைத் தாண்டித் தண்ணீரில் இறங்கி, அலையோடு வந்த கொடுவா மீனை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்.

கரைக்கு வந்த படகை இழுக்கக் கைகொடுத்தவர், குழம்புக்கு மீன் கேட்டு வாங்குவது எங்கள் கரை வழக்கம். மீனுக்கு உரியவர் மறுக்கக் கூடாது. லுங்கி சொட்டச் சொட்ட, எல்லாரும் பார்க்க, அவர் என் முன்னால் கையை நீட்டினார்.

"கை குடுத்தேன்ல. குழம்புக்கு இன்னா தரப்போற?"

சிரிக்கத்தான் நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலை உங்களுக்கு என்றேன்.